உபயம் எழுதிய நாற்காலி

பழைய இரும்பு நாற்காலிக்குப் புதுச் சாயம் அடிப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அடிப்பதற்கு முன்னால் செய்கிற வேலைதான் வேலை. துருவைச் சுரண்டணும், பழைய சாயத்தைத் தேய்க்கணும், தூசியைக் கழுவணும், காய்ந்த பிறகு தின்னர் நனைத்த துணியால் துடைக்கணும். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டால் ஸ்ப்ரே அடிப்பது கால் மணி நேர வேலை. நான் ஒழுங்காகச் செய்கிறவன். ஜெலுத்தோங்கில் கார்களுக்குச் சாயம் அடிக்கிற பட்டறை ஒன்றில் பதினேழு வயதில் சேர்ந்தேன். இருபத்திரண்டு வயதில் அங்கே முதல் ஆள் நான்தான். தவுக்கே, அதாவது பட்டறை முதலாளி, ஒரு சீனர், லேசில் யாரையும் பாராட்டமாட்டார். அவரே வாடிக்கைக்காரர்களிடம் என்னைக் காட்டி, இவன் தொட்டால் பழைய சாயத்தின் அடையாளம்கூடத் தெரியாது என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தலை கொஞ்சம் கனத்துப்போகும்.

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நியாயம் கேட்கிறேன் என்று வாயைத் திறந்தால் அது எங்கே போய் முடியும் என்று யோசிக்கிற பழக்கம் கிடையாது. இங்கே எழுதுவது அந்த வாயாலும் இந்தக் கையாலும் என் அம்மாவுக்கு நான் செய்த ஒரு காரியம். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். தெரிந்துதான் செய்தேன்.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். என்னைவிட ஐந்து வயது இளையவன். அவனுக்கு ஏழு வயதானபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சாலைக்கு அந்தப் பக்கத்துக் கடையில் சிகரெட் வாங்கிவரச் சொல்லி அப்பா அனுப்பினார். போகும்போது ஒழுங்காகத்தான் போனான். திரும்பும்போது ஒரு கார் அடித்துவிட்டது. சிகரெட் பெட்டியும் மீதிச் சில்லறையும் கையில் அப்படியே இருந்ததாகத் தூக்கிவந்தவர்கள் சொன்னார்கள். எழுபதுகளின் தொடக்கம் அது. நாங்கள் ஜெலுத்தோங்கில் ஒரு ஃபிளாட்டின் மூன்றாம் மாடியில் இருந்தோம்.

அடக்கம் முடிந்து வந்த அன்றைக்கு அப்பா குளித்துவிட்டு, ஈரத் துண்டோடு நின்றபடியே, இனிமேல் அவன் பேரை இந்த வீட்டில் யாரும் எடுக்கவேண்டாம் என்றார். அதட்டவில்லை. கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். யாருக்கும் பயந்து நான் பார்த்ததில்லை. அந்தப் பேருக்குப் பயந்தார். ஒருமுறை என் பள்ளிக்கூடச் சட்டையைத் தேடுகிற அவசரத்தில், நான் மறந்துபோய்த் தம்பியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனார். சாயங்காலம்தான் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு யாருக்கு வாய் வரும்? அம்மா ஏதாவது பேசிக்கொண்டிருக்கும்போது அவனைச் சொல்லவேண்டிய இடம் வந்தால் பேச்சை அப்படியே விட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதும் அந்தப் பேரை எழுத எனக்குக் கை வரவில்லை.

படம் எடுத்து மாட்டுகிற வசதி எங்களுக்கு இருந்ததில்லை. புதைத்த இடத்தில் கல் நாட்டவில்லை, வெறும் மண்மேடுதான். இரண்டு மழைக்காலம் போனதும் அந்த வரிசையில் எது யாருடையது என்று சொல்லமுடியாமல் போயிற்று. அம்மா ஒருநாள் பூவும் ஊதுபத்தியும் வாங்கிக்கொண்டு போய், இடம் தெரியாமல் அப்படியே திருப்பிக் கொண்டுவந்தாள். பிறப்புப் பத்திரத்தை அப்பா தன் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பக்கத்துக் கோயிலுக்கு ஒரு தகர மண்டபம் கட்டினார்கள். அதற்கு இரும்பு மடக்கு நாற்காலிகள் வாங்க உபயம் கேட்டார்கள். நம் ஆட்களுக்கு உபயம் என்றால் பேர் எழுதியாகணும். விசிறி கொடுத்தால் விசிறியின் இறக்கையில் பேர். குழல்விளக்கு கொடுத்தால் வெளிச்சம் வருகிற இடத்தை மறைத்துக்கொண்டு பேர். லாரிகள் வைத்திருந்த ஒரு முதலாளி நாற்பது நாற்காலி கொடுத்தார். நாற்பதிலும் அவர் பேர், அவர் அப்பா பேர், லாரியில் இருக்கிற கம்பெனிப் பேர் மூன்றும் இருந்தன. மீதி இருபதை எங்களை மாதிரி ஆட்கள் ஒவ்வொன்றாகக் கொடுத்தார்கள். அம்மாவும் ஒன்று கொடுத்தாள். அப்போது அவள் கெலுகோரில் பல்கலைக்கழகத்துக்காரர்கள் வீடு இரண்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அதில் மிச்சம் பிடித்த காசு. எழுதுகிறவர் உபயதாரர் பேரைக் கேட்டபோது தன் பேரும் வேண்டாம், அப்பா பேரும் வேண்டாம் என்று சொல்லி, தம்பியின் பேரை மட்டும் சொன்னாள். வீட்டில் சொல்லமுடியாததை அந்த ஆளிடம் சத்தமாகச் சொன்னாள். நான் பக்கத்தில் நின்றேன்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நாற்காலி வந்ததும் நான்தான் அழைத்துப்போய்க் காட்டினேன். முதுகு சாய்கிற தகட்டின் பின்பக்கம் சிவப்பு எழுத்தில் இருந்தது. மேலே இருப்பது உபயம், கீழே இருக்கிற நாலு எழுத்துதான் அவன் என்றேன். விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகத் தடவிப் பார்த்தாள். இது எது, இது எது என்று கேட்டாள். பிறகு நாலையும் சேர்த்து உதட்டுக்குள் ஒருமுறை சொன்னாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அம்மாவுக்கு இது ஒரு வேலை. சாமி கும்பிட்டுவிட்டு மண்டபத்துக்கு வருவாள். அந்த நாற்காலி எந்த வரிசையில் கிடக்கிறது என்று பின்பக்கமாகவே நடந்து தேடுவாள். கண்டுபிடித்ததும் சேலைத் தலைப்பால் துடைப்பாள், எழுத்தை விரலால் தொடுவாள், உட்காருவாள். அவ்வளவுதான். பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போய்விடுவாள். மற்ற பெண்கள், அக்கா நாற்காலிக்கெல்லாம் ரோந்து போறாங்க என்று கேலி செய்வார்கள். அவளும் சிரிப்பாள். அப்பா அந்தக் கோயில் பக்கம் வந்ததே இல்லை, அதனால் அவருக்குத் தெரியாது. எட்டு ஒன்பது வருஷம் இப்படி ஓடியது. உலகத்தில் என் தம்பியின் பேரை அம்மா பார்க்க முடிந்த ஒரே இடம் அந்தத் தகடு. இது எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்.

ஒரு திருவிழாவன்று அந்த நாற்காலி முதல் வரிசையில் போய் விழுந்துவிட்டது. அடுக்கின பையன்களுக்கு என்ன தெரியும்? அம்மா வழக்கம்போல் தேடிப்பிடித்து உட்கார்ந்திருந்தாள். லாரி முதலாளி யாரோ நாலைந்து பெரிய மனிதர்களை அழைத்துக்கொண்டு வந்தார். அம்மாவைப் பார்த்து, எழுந்து பின்னால போங்கம்மா, இதெல்லாம் விருந்தாளிங்களுக்கு என்றார். அம்மா உடனே எழுந்துவிட்டாள். ஒரு தடித்த ஆள் அதில் உட்கார்ந்தார். அம்மா பின்னால் தூணோரம் போய் நின்றாள். நான் பானகம் ஊற்றிக்கொண்டிருந்தவன், வாளியை வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விடுடா, இங்க நின்னா எழுத்து இன்னும் நல்லா தெரியுது என்றாள். அவள் முகத்தில் வருத்தமே இல்லை. வருத்தப்பட்டது நான். எனக்கு அந்த முதலாளியின் பேரை அந்த மண்டபத்திலிருந்தே துடைத்து எறியணும் போல இருந்தது.

அதற்கு வழியும் வந்தது. நாற்காலிகள் துருப்பிடித்து, உட்கார்ந்தவர்கள் சேலையிலும் வேட்டியிலும் கறை படிய ஆரம்பித்திருந்தது. நிர்வாகக் கூட்டத்தில் அதைப் பேசினார்கள். நான் பட்டறைக்காரன் என்பதால் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். சும்மாவே அடித்துத் தருகிறேன், பட்டறையில் மிஞ்சுகிற சாயமே போதும் என்றேன். ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். அடித்த பிறகு எந்த நாற்காலியிலும் எந்தப் பேரும் எழுதக்கூடாது. சாமிக்குக் கொடுத்ததில் மனுசன் பேர் எதற்கு, நாற்பது நாற்காலி கொடுத்தவனுக்கும் ஒரு நாற்காலி கொடுத்தவனுக்கும் முதுகு ஒன்றுதானே என்று ஏதேதோ பேசினேன். எங்கள் ஃபிளாட்டுப் பையன்கள் கைதட்டினார்கள்.

லாரி முதலாளி கோபப்படவில்லை. சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, சிரித்தபடி, "அப்ப உங்கம்மா குடுத்த நாற்காலி, தம்பி? அதுலயும் பேரு இருக்கே லா" என்றார்.

கூட்டம் மொத்தமும் என்னைப் பார்த்தது. அந்த ஆள் எனக்கு ஒரு வழி விட்டார் என்று இப்போது புரிகிறது. ஒவ்வொன்றாகக் கொடுத்த இருபதை விட்டுவிடலாம், இறந்தவர்கள் பேரை விட்டுவிடலாம், எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"மொதல்ல அதுலேருந்துதான் ஆரம்பிப்பேன்" என்றேன்.

நிர்வாகமும் ஒத்துக்கொள்ள, கைதட்டல் இன்னும் பலமாக விழுந்தது. அது எனக்கு இனித்தது. சொல்லவே கூசுகிறது, ஆனால் இனித்தது. வீட்டுக்கு நடக்கும்போது அம்மா ஞாபகம் வராமல் இல்லை. பேர் மனசில் இருந்தால் போதாதா, அவளுக்காகத்தானே இந்தச் சண்டையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரியும். அதனால்தான் கேட்கவில்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமை, தவுக்கேயிடம் சொல்லிப் பட்டறையைத் திறந்துகொண்டோம். முதல் நாள் முதல் நாற்காலியாக அம்மாவுடையதை எடுத்தேன். பையன்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். எழுத்து இருக்கிற இடத்தில் வேலை கொஞ்சம் அதிகம். கெட்டிச் சாயத்தால் எழுதின எழுத்து மேடாக இருக்கும். மேலோட்டமாகத் தேய்த்துவிட்டுச் சாயம் அடித்தால், காய்ந்த பிறகு பக்கவாட்டு வெளிச்சத்தில் எழுத்து அப்படியே தெரியும். நகத்தை ஓட்டினால் இடறக்கூடாது, அதுதான் கணக்கு. தண்ணீர் தொட்டு முரட்டுத் தாளால் தேய்த்தேன், பிறகு நைஸ் தாள். சிவப்புத் தண்ணீர் என் முழங்கை வரைக்கும் வழிந்தது. நாலு எழுத்தும் போய், அடியிலிருந்த பழைய சாயமும் போய், இரும்பு பளபளவென்று வந்தது. நகத்தை ஓட்டிப் பார்த்தேன். இடறவில்லை. பார்த்துக்கங்கடா, இப்படித்தான் தேய்க்கணும் என்று பையன்களிடம் சொன்னேன்.

மழை பெய்கிற மாதிரி இருந்தால் அடிக்கக்கூடாது, சாயம் வெள்ளை பூத்துவிடும். அதனால் காலையிலேயே கயிறு கட்டி, நாற்காலிகளைத் தொங்கவிட்டு அடித்தோம். அண்டர்கோட் ஒன்று, மேலே சாயம் மெல்லிசாக மூன்று. நாலைந்து டின்களில் மிஞ்சியதைக் கலந்ததில் ஒரு பச்சை கலந்த சாம்பல் நிறம் வந்தது. ஒரு வழிசல் இல்லை, ஒரு கொப்புளம் இல்லை. அறுபதும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை. அடித்து முடித்து வரிசையாக நிறுத்தியபோது எது எது என்று எனக்கே தெரியவில்லை. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

நாற்காலிகள் சாயம் அடிக்கப் போயிருக்கின்றன என்று மட்டும்தான் அம்மாவுக்குத் தெரியும். அறுபதும் மண்டபத்துக்குத் திரும்பிய வெள்ளிக்கிழமை, அவள் வருவதற்கு முன்னாலேயே மண்டபத்தில் போய் நின்றேன். தைரியம் இருந்தால் முன்கூட்டியே சொல்லியிருக்கணும். அம்மா வந்தாள். வழக்கம்போல் பின்பக்கமாக நடந்தாள். முதல் வரிசை, இரண்டாம் வரிசை. மூன்றாம் வரிசையில் நின்று, கையை நீட்டி ஒரு தகட்டைத் தடவினாள். அதற்கடுத்ததைத் தடவினாள். அறுபதையும் தடவி முடிக்கிறவரைக்கும் அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு வந்து, வேலை நல்லா இருக்குடா என்றாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள். அவள் அன்றைக்கு எங்கேயும் பஸ்ஸில் போகவேண்டியிருக்கவில்லை.

திட்டியிருந்தால் பரவாயில்லை. மனைவி பேரில் நாற்காலி கொடுத்திருந்த ஒரு பெரியவர் கோயில் வாசலிலேயே என்னை நிற்கவைத்து, நீ நல்லா இருப்பியா என்று கேட்டார். அவருக்கு அந்த உரிமை உண்டு, தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். லாரி முதலாளி அடுத்த மாதமே நாலு விசிறி வாங்கிக் கொடுத்து முன்பைவிடப் பெரிய எழுத்தில் பேர் போட்டுக்கொண்டார். அம்மா மட்டும் திட்டவில்லை. அம்மா தடவிப் பார்த்துவிட்டுப் போன மறுநாளே நான் மண்டபத்துக்குப் போய், தின்னரும் துணியும் வைத்துக்கொண்டு, ஒரு நாற்காலியின் தகட்டைத் துடைத்தேன். கீழே எங்கேயாவது கொஞ்சம் சிவப்பு ஒட்டியிருக்காதா என்று பார்த்தேன். வெறும் இரும்புதான் வந்தது. இரண்டாவதிலும் அதேதான். அந்த இரண்டுக்கும் மறுபடி சாயம் அடித்தேன், மூன்றாவதைத் துடைக்கவில்லை. நான் செய்த வேலை எனக்குத் தெரியாதா?

ஒரு வருஷம் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மண்டபத்தில் ஒரு கதவுக்குச் சாயம் அடிக்க அளவு பார்க்கப் போனேன். யாரும் இல்லை, அம்மா மட்டும் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு அதற்கடுத்தது. காற்று படவில்லையோ என்று நினைத்து விசிறியைப் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். இன்னொரு நாற்காலிக்கு மாறினாள். என்னம்மா பண்ற என்றேன்.

"ஒவ்வொண்ணா உக்காந்து பாக்குறேன்டா. எதுலயாவது அவன் இருப்பான்ல."

வாரம் ஏழெட்டு நாற்காலி உட்காருவாளாம். போன வாரம் எங்கே விட்டாளோ அங்கிருந்து இந்த வாரம் தொடங்குவாளாம். ஆனால் நடுவில் ஒரு கல்யாணமோ கருமாதியோ வந்தால் நாற்காலிகளை மடித்து அடுக்கிவிடுவார்கள், வரிசை கலைந்துபோகும். கலைந்தால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பாளாம். ஒரு வருஷமாக இப்படியே ஆரம்பித்துக்கொண்டிருக்கிறாள். ஒருமுறைகூட அறுபதையும் முடித்ததில்லை. இதை அவள் சாதாரணமாக, துணி காயவில்லை என்று சொல்கிற மாதிரி சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இருபத்துமூன்று வயது ஆம்பளை, மண்டபத்தின் நடுவில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதேன். அம்மா என் தலையில் கை வைத்தாள்.

அழுது முடித்ததும் எனக்கு வழக்கம்போல் வீரம் வந்தது. ஒரு நாற்காலியை எடுத்துப் பேரை எழுதிவிடுகிறேன், நிர்வாகம் கிர்வாகம் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அம்மா தலையை ஆட்டினாள். அந்த நாற்காலி வேறு யாருடையதாக இருந்தால் என்று கேட்டாள். அந்தப் பெரியவர் தன் மனைவிக்குக் கொடுத்ததாக இருந்தால், அதன்மேல் போய் என் பிள்ளை பேரை எழுதுவதா என்றாள். அவர் வந்து உட்கார்ந்தாலும் உட்காருவார், யாருக்குத் தெரியும் என்றாள். அதுவரைக்கும் எனக்கு வராத யோசனை அது.

அதனால் வேறொன்று செய்தோம். பட்டறையிலிருந்து ஒரு சின்ன டப்பாவில் மஞ்சள் சாயம் கொண்டுவந்தேன். அம்மா உட்கார்ந்து எழுந்த நாற்காலிக்கு அடியில், யார் கண்ணிலும் படாத இடத்தில், தீக்குச்சியால் ஒரு புள்ளி வைத்தேன். இனி எத்தனை கல்யாணம் வந்து கலைத்தாலும் பயமில்லை. வெள்ளிக்கிழமைகளில் வேலையை ஐந்து மணிக்கே முடித்துக்கொண்டு வந்துவிடுவேன். அம்மா அவசரப்படமாட்டாள். ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, உதட்டை அசைப்பாள். எழுந்ததும் நான் நாற்காலியைக் கவிழ்த்துப் புள்ளி வைப்பேன். அந்த வாரங்களில் அம்மா என்னோடு தம்பியைப் பற்றிக்கூட ஒன்றிரண்டு பேசினாள். அவனுக்குக் கருவாடு பிடிக்காது என்பதை நான் மறந்தே போயிருந்தேன். எட்டு வாரம் ஆயிற்று.

எட்டாவது வெள்ளிக்கிழமை ஐந்தாறு நாற்காலிதான் பாக்கி. அம்மா தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. இதுவரை எதிலும் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை, மிச்சம் இருக்கிறதில்தான் இருக்கணும் என்று அவள் எண்ணியிருந்தது முகத்திலேயே தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. ஐந்தாவதில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். எழுந்ததும், அடுத்தது எங்கடா என்றாள். நான் தேடினேன். புள்ளி இல்லாத நாற்காலி ஒன்றுகூட இல்லை. அடுக்கைப் பிரித்து எல்லாவற்றையும் கவிழ்த்து எண்ணினேன். ஐம்பத்தொன்பது. மறுபடி எண்ணினேன். மூன்றாவது முறையும் எண்ணினேன்.

மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிற அண்ணனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, இரண்டு மூன்று மாதத்துக்கு முன்னால் கடல் தாண்டி அக்கரையில், சிம்பாங் அம்பாட்டில் ஒரு சாவு வீட்டுக்குப் பத்து நாற்காலி லாரியில் போய் வந்தது என்றார். திரும்பி வந்தபோது யாரும் எண்ணவில்லை. முன்பெல்லாம் பேர் இருக்கும், எது வரவில்லை என்று பார்த்தால் தெரிந்துவிடும், இப்போது எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே தம்பி என்றார். அவர் என்னைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

"அப்ப அதுதான்டா அவன்" என்றாள் அம்மா.

நான் கத்தினேன். அறுபதில் ஒன்றும்மா, எதுவாக வேண்டுமானாலும் இருக்கலாம், இந்த ஐம்பத்தொன்பதில் ஒன்றாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், காணாமல்போன ஒன்றிலும் நீ போன வருஷமே உட்கார்ந்திருப்பாய் என்று கை கால் ஆட்டிக் கணக்குச் சொன்னேன். அம்மா நான் முடிக்கிறவரைக்கும் காத்திருந்தாள்.

"உக்காந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். இத்தனையில உக்காந்தும் ஒண்ணும் தெரியல. ஏன்னு இப்பதான் புரியுது. அவன் இங்க இல்லடா."

சொல்லிவிட்டு, தான் கடைசியாக உட்கார்ந்த நாற்காலியை அவளே மடித்துச் சுவரோரம் சாய்த்துவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மோட்டார் சைக்கிளை ஃபெரியில் ஏற்றி அக்கரைக்குப் போனேன். கண்டுபிடித்துக் கொண்டுவருகிறேன் என்று அம்மாவிடம் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லிவிட்டுத்தான் போனேன். சிம்பாங் அம்பாட்டில் அந்தச் சாவு வீட்டைத் தேடிப்பிடித்தேன். இறந்தவரின் மகன், எல்லாவற்றையும் நானே எண்ணி ஏற்றினேன் என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, சந்தேகமாக இருந்தால் நீங்களே பாருங்கள் என்று பின்கட்டு வரைக்கும் விட்டார். வெட்கமில்லாமல் போய்ப் பார்த்தேன். அடுப்படி, குளியலறை, கோழிக்கூடு எல்லாம் பார்த்தேன். பக்கத்து வீடுகளில் கேட்டேன். சந்திப்பில் பழைய இரும்பு வாங்குகிற சீனர் கடையில், மழையில் நனைந்துகொண்டே குவியலைக் கிளறினேன். உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்த கடைக்காரர், ஒரு பழைய நாற்காலிக்கா இவ்வளவு, வேறு நாற்காலி தருகிறேன் எடுத்துக்கொண்டு போ என்றார். லாரி வந்த சாலையில் ஓரமாகவே மெதுவாக ஓட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் சாக்கடையைப் பார்த்துக்கொண்டே ஃபெரித் துறைவரைக்கும் வந்தேன்.

ஃபிளாட்டுக்குக் கீழே வண்டியை நிறுத்தியபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அம்மா மூன்றாம் மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. என் முகத்தை அவள் பார்க்கவில்லை. வண்டியின் பின்சீட்டைப் பார்த்தாள். அங்கே எதுவும் கட்டியிருக்கவில்லை என்று தெரிந்ததும் உள்ளே போய்விட்டாள். நான் மேலே போனபோது சோறு போட்டு வைத்திருந்தாள். அப்பாவும் உட்கார்ந்திருந்தார், அதனால் அவள் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று பேரும் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு அம்மா இருபது வருஷம் இருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் சாமி கும்பிட்டுவிட்டு நேராக வீட்டுக்கு வந்துவிடுவாள். அந்த மண்டபத்துக்குள் அவள் பிறகு போகவே இல்லை.